மலிவான கருத்தரிப்பு: விலை கொடுப்பவர் யார்?

குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்காக நாடு விட்டு நாடு செல்வோரின் பட்டியலில் இந்தியாவுக்கு நீண்ட காலமாகவே இடம் உண்டு. அமெரிக்காவில் ஒரு முறை ஐ.வி.எஃப். சிகிச்சை பெற, மருந்துகளையும் சேர்த்தால், 15,000 டாலருக்கு மேல் செலவாகும். இந்தியத் தனியார் மருத்துவமனைகளில் அதே சிகிச்சை பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டரை லட்ச ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு, வளைகுடா நாடுகள், கிழக்கு ஆப்பிரிக்கா எனப் பல இடங்களிலிருந்தும் தம்பதிகள் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் வருகிறார்கள். மேலை நாடுகளில் குடியேறிய தமிழர்கள் பலர் விடுமுறைப் பயணத்தோடு சிகிச்சையையும் சேர்த்துத் திட்டமிடுகிறார்கள்.

இந்த மலிவுக்குப் பல நேர்மையான காரணங்கள் உண்டு. மருத்துவர், செவிலியர், ஆய்வகப் பணியாளர் ஆகியோரின் ஊதியம் இங்கே குறைவு. மருந்துகளின் விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. தேர்ந்த மருத்துவர்களுக்கோ பஞ்சமில்லை. ஆனால், மனைவியின் கருமுட்டை பயன்படாத நிலையில் வேறொரு பெண்ணின் கருமுட்டை தேவைப்படும்போது, செலவுக் கணக்கில் புதிதாக ஓர் இனம் சேர்கிறது. மருத்துவமனை தரும் ரசீதில் அது ஒரே ஒரு வரி. அந்த வரியின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பதை 2022 ஜூன் மாதத்தில் ஈரோடு நமக்குக் காட்டியது.

16 வயதுச் சிறுமி ஒருவர் பல ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அவரிடமிருந்து மீண்டும் மீண்டும் கருமுட்டை எடுக்கப்பட்டது அப்போது வெளிவந்தது. அவரைப் பாதுகாக்க வேண்டிய தாயும், தாயுடன் வாழ்ந்தவரும், இடைத்தரகராகச் செயல்பட்ட பெண்ணும் கைது செய்யப்பட்டனர். வயதைக் கூட்டிக் காட்டும் போலி ஆதார் அட்டை தயாரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறைக்கும் சுமார் 20,000 ரூபாய் கைமாறியதாகவும், அதில் 5,000 ரூபாய் தரகருக்குச் சென்றதாகவும் விசாரணையில் தெரிய வந்தது. சிறுமி அழைத்துச் செல்லப்பட்ட மருத்துவமனைகள் ஈரோடு, பெருந்துறை, சேலம், ஓசூர் ஆகிய ஊர்களில் தொடங்கித் திருப்பதி, திருவனந்தபுரம் வரை இருந்தன. மக்கள் நல்வாழ்வுத் துறை குழு அமைத்து விசாரித்தது. 2022 ஜூலையில், தமிழ்நாட்டிலுள்ள நான்கு மருத்துவமனைகள் மீது நடவடிக்கை அறிவிக்கப்பட்டது. மற்ற இரண்டின் மீது நடவடிக்கை எடுக்குமாறு அண்டை மாநிலங்களுக்குப் பரிந்துரை சென்றது. நடவடிக்கைகள் பின்னர் நீதிமன்றப் படி ஏறின. செய்தி சில வாரங்களில் ஓய்ந்தது; செய்தி எழுப்பிய கேள்வி ஓயவில்லை.

குழந்தைப்பேற்றுக்காகப் பயணம் செய்பவர்கள் தம்பதிகள் மட்டுமல்லர் என்பதே அந்தக் கேள்வியின் சாரம். கருமுட்டைக்காக ஒரு பெண்ணும் ஊர் ஊராகப் பயணம் செய்விக்கப்படுகிறார். முதல் பயணத்தைப் பற்றி விளம்பரங்கள் பேசுகின்றன. இரண்டாவது பயணத்தைக் காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கை வழியாகவே நாம் அறிய நேர்கிறது.

தடை போட்டால் இடம் மாறும் சந்தை

உலகெங்கும் தம்பதிகள் எல்லை தாண்டுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: செலவு, சட்டம், காத்திருப்பு. ஜெர்மனியில் 1990ஆம் ஆண்டின் கருமுளைப் பாதுகாப்புச் சட்டம் கருமுட்டைக் கொடையை அனுமதிப்பதில்லை. எனவே, அந்நாட்டுப் பெண்கள் ஸ்பெயினுக்கும் செக் குடியரசுக்கும் செல்கிறார்கள். பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையின் வழியே எத்தனை முறை சிகிச்சை கிடைக்கும் என்பது வசிக்கும் பகுதியைப் பொறுத்து மாறுகிறது. ஓரிடத்தில் கதவு மூடினால், தேவை அடுத்த கதவைத் தேடிப் போகிறது.

இந்தியாவின் அனுபவமும் இதுவே. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் குஜராத்தின் ஆனந்த் நகரம் வாடகைத் தாய் முறைக்கு உலகப் பெயர் பெற்றது. 2008இல், ஜப்பானியத் தம்பதிக்காக அங்கே ஒரு வாடகைத் தாய் கருவுற்றிருந்த நிலையில் அந்தத் தம்பதி மணமுறிவு பெற்றனர். பிறந்த குழந்தை யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அடுத்த ஆண்டே சட்ட ஆணையம் தனது 228ஆவது அறிக்கையில், இத்துறைக்குச் சட்டம் தேவை என வலியுறுத்தியது. சட்டம் வருவதற்கு முன்பே, 2015 நவம்பரில், வெளிநாட்டவர் இந்தியாவில் வாடகைத் தாய் முறையைப் பயன்படுத்துவதற்கு மத்திய அரசு தடை விதித்தது.

அதற்குள்ளாகவே சந்தையின் ஒரு பகுதி நேபாளத்துக்குப் பெயர்ந்திருந்தது. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் காத்மாண்டு சிதைந்தபோது, இஸ்ரேல் அங்கிருந்து கைக்குழந்தைகளை விமானத்தில் மீட்டுச் சென்ற காட்சியை உலகம் பார்த்தது. அக்குழந்தைகளைச் சுமந்த பெண்களில் பலர் இந்தியாவிலிருந்து எல்லை தாண்டி அழைத்துச் செல்லப்பட்டவர்கள். தேவையும் வறுமையும் அப்படியே இருக்கும்போது, தடை மட்டும் வந்தால், சந்தை தன் முகவரியை மாற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காவிரியின் இரு கரைகள்

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தச் சந்தை வேரூன்றியது தற்செயல் அன்று. இங்கே குழந்தைக்கான ஏக்கமும் கடன் சுமையும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன.

முதலில் ஏக்கம். திருச்செங்கோட்டு மலை உச்சியிலுள்ள வரடிக்கல்லைச் சுற்றி வந்தால் குழந்தை பிறக்கும் என்பது தலைமுறைகள் கடந்த நம்பிக்கை. குழந்தையில்லாத தம்பதியை உறவும் ஊரும் எப்படி வதைக்கின்றன என்பதை அதே மண்ணின் பின்னணியில் எழுதியது பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’. 2010இல் வெளியான அந்த நாவலுக்கு 2014ஆம் ஆண்டின் இறுதியில் கிளம்பிய எதிர்ப்பும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் கருத்துரிமை சார்ந்தே இன்றும் விவாதிக்கப்படுகின்றன. நாவல் பேசிய துயரம் அந்த விவாதத்தில் காணாமல் போனது. ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்ற கேள்வி இன்றும் திருமண வீடுகளில் பெண்களைத் துரத்துகிறது. சீர், செய்முறை போன்ற சடங்குகளில் குழந்தையில்லாதவர் ஒதுக்கப்படுவதும் முற்றிலும் நின்றுவிடவில்லை.

மலைக் கோயிலுக்குச் சென்ற பயணம் இப்போது மருத்துவமனைக்குத் திரும்பியிருக்கிறது. அதில் தவறேதும் இல்லை. அறிவியலின் பயன் எல்லோருக்கும் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் தேசிய நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளும் திருமண மண்டபங்களில் நடக்கும் இலவச ஆலோசனை முகாம்களும் வெற்றியை மட்டுமே சொல்கின்றன. 35 வயதுக்கு உட்பட்ட பெண்களிடத்தில்கூட, ஒரு முறை செய்யப்படும் ஐ.வி.எஃப். சிகிச்சையில் குழந்தை பிறப்பது பொதுவாக மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் என்பதையும், வயது கூடக் கூட அது குறைகிறது என்பதையும் எந்தப் பலகையும் அறிவிப்பதில்லை. முதல் முறை பலிக்காதபோது நகை அடகுக்குப் போகிறது. இரண்டாம் முறைக்கு நிலம் விலைக்கு வருகிறது. மூன்றாம் முறைக்கு முன்னால், ‘வேறு பெண்ணின் கருமுட்டையில் செய்து பார்க்கலாம்’ என்ற ஆலோசனை வருகிறது.

இனி கடன். காவிரியின் ஒரு கரையில் ஈரோடு. மறு கரையில், நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையம். இரு கரைகளிலும் விசைத்தறியே வாழ்வாதாரம். தறி உரிமையாளரிடம் வாங்கும் முன்பணம், நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணை, கந்து வட்டி ஆகிய மூன்றுக்கும் நடுவில் குடும்பம் ஓடுகிறது. நூல் விலை ஏறினாலோ துணிக்குச் சந்தை இறங்கினாலோ தறி நிற்கும், தவணை நிற்காது. 2025 ஜூலையில், பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்களின் வறுமையைப் பயன்படுத்தித் தரகர்கள் சிறுநீரகத்தை விற்கச் செய்த விவகாரம் வெளியானது. திருச்சி, பெரம்பலூர் மாவட்டங்களிலுள்ள இரு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமத்தின் மீது அரசு நடவடிக்கை எடுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது.

குழந்தைகளே விலைபேசப்பட்ட வரலாறும் இம்மாவட்டத்துக்கு உண்டு. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர் உதவியாளர் ஒருவர், குழந்தை விற்பனை குறித்துத் தொலைபேசியில் பேரம் பேசிய உரையாடல் பரவி, அவர் கைதானார். கொல்லிமலைப் பகுதி ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் கைமாறியது பற்றியும் விசாரணை நடந்தது. 2023 அக்டோபரில் திருச்செங்கோட்டில் அரசு மருத்துவர் ஒருவரும் இடைத்தரகரும் இதே வகையான குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டனர்.

சிறுநீரகம், கருமுட்டை, குழந்தை ஆகிய மூன்றும் தனித்தனி வழக்குகளாகத் தனித்தனித் துறைகளால் விசாரிக்கப்படுகின்றன. ஆனால் விற்பவர்களின் முகவரியைப் பார்த்தால் அவை ஒரே வழக்குதான். கடன் கழுத்தை நெரிக்கும் குடும்பம், நம்பிக்கையூட்டும் தரகர், கேள்வி கேட்காத மருத்துவமனை, பணத்தோடும் ஏக்கத்தோடும் காத்திருக்கும் வாடிக்கையாளர் என நால்வரும் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள்.

உடலில் நடப்பது என்ன?

கருமுட்டைக் கொடையை ரத்த தானத்தைப் போன்ற எளிய செயலாகத் தரகர்கள் விவரிக்கிறார்கள். உண்மை வேறு. இயல்பாக ஒரு மாதத்தில் ஒரு முட்டை முதிர்கிறது. ஒரே நேரத்தில் பல முட்டைகள் முதிர வேண்டுமானால், சுமார் 10 முதல் 12 நாட்களுக்கு ஹார்மோன் ஊசிகள் போட வேண்டும். இடையிடையே ஸ்கேன் பரிசோதனைகள் உண்டு. முட்டைகள் முதிர்ந்ததும் மயக்க மருந்து கொடுத்து, நீண்ட ஊசியைச் சினைப்பைக்குள் செலுத்தி உறிஞ்சி எடுக்கிறார்கள். சிலருக்குச் சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத் திணறலும் ரத்த உறைவும் ஏற்படலாம். அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். தேர்ந்த மருத்துவர் கவனத்தில், வயது வந்த பெண்ணுக்கு, ஒரு முறை செய்யப்படும்போது ஆபத்து குறைவு. ஆனால் தரகர் பிடியிலுள்ள பெண் ஊர் மாற்றி, பெயர் மாற்றி அழைத்துச் செல்லப்படுகிறார். முந்தைய மருத்துவமனையில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது அடுத்த மருத்துவமனைக்குத் தெரியாது. வீடு திரும்பிய பிறகு வயிறு வீங்கினால் எங்கே சொல்வது என்பது அவருக்கும் தெரியாது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இந்தப் பின்னணியில்தான் 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் இரு சட்டங்களை நிறைவேற்றியது. இனப்பெருக்கத் தொழில்நுட்ப உதவி (ஒழுங்குமுறை) சட்டமும் வாடகைத் தாய் (ஒழுங்குமுறை) சட்டமும் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தன. முதலாவது சட்டத்தின்படி, கருமுட்டைக் கொடையாளருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் அவர் கொடையளிக்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவரின் கொடையை ஒன்றுக்கு மேற்பட்ட தம்பதிகளுக்குத் தரக் கூடாது. அவருக்குக் காப்பீடு செய்துதர வேண்டும். பாலணுக்களையும் கருமுளையையும் விற்பது குற்றம். விதிமீறலுக்கு முதல் முறை 5 லட்சம் முதல் 10 லட்ச ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 3 முதல் 8 ஆண்டு சிறை.

சட்டத்தின் நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் அதன் கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கருமுட்டை தேவைப்படும் ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு புதிய பெண் வேண்டும். அவர் முன்பு கொடை அளித்திருக்கக் கூடாது. இனியும் அளிக்க முடியாது. அவருக்கு விலை தரக் கூடாது. அத்தகைய கொடையாளர்களை எங்கிருந்து, யார், எப்படித் திரட்டுவது என்பதைத் தனியார் கருமுட்டை வங்கிகளின் பொறுப்பில் சட்டம் விட்டுவிட்டது. அரசு நடத்தும் கொடையாளர் அமைப்பு ஒன்று கட்டாயமாக்கப்படவில்லை. தேவை அப்படியே இருக்க, முறையான வழங்கல் சுருங்கினால், மறைவில் விலை ஏறும். தரகரின் வருமானம் அந்த இடைவெளியிலிருந்தே வருகிறது.

அடையாளச் சரிபார்ப்பிலும் இதே நிலைதான். கொடையாளரின் ஆதார் எண்ணைப் பெற வேண்டும் என்கிறது சட்டம். ஈரோட்டுச் சம்பவத்தில் ஆதார் அட்டை இருந்தது, அது போலி. அட்டையின் நகலை வாங்கிக் கோப்பில் வைப்பது சரிபார்ப்பு ஆகாது. விரல்ரேகை வழியாகச் சரிபார்த்து, தேசியப் பதிவேட்டில் அந்தப் பெண் முன்பே கொடையளித்திருக்கிறாரா என்று பார்த்த பிறகே ஊசி போடலாம் என்ற நடைமுறை இருந்தால், ஒரே பெண்ணை ஆறு மருத்துவமனைகளுக்கு அழைத்துச் செல்வது அரிதாகிவிடும்.

வெளிநாட்டவர் விஷயத்திலும் தெளிவு வேண்டும். வாடகைத் தாய் முறையை அவர்கள் இங்கே பயன்படுத்த முடியாது. ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு அத்தகைய தடை இல்லை, தேவையும் இல்லை. சொந்தக் கருமுட்டையோடும் விந்தணுவோடும் சிகிச்சை பெற வருபவரால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால், இங்குள்ள பெண்ணின் கருமுட்டையைப் பயன்படுத்தும் சிகிச்சைகள் ஆண்டுக்கு எத்தனை நடக்கின்றன, அவற்றில் எத்தனை வெளிநாட்டவருக்கானவை என்பதை மருத்துவமனை வாரியாக அரசு வெளியிட வேண்டும். மருத்துவச் சுற்றுலாவின் வருமானத்தைப் பெருமையாக அறிவிக்கும் அரசுகளுக்கு இந்தக் கணக்கையும் அறிவிக்கும் கடமை இருக்கிறது.

அரசு விலகி நின்ற இடம்

கொடையாளர் பாதுகாப்பைப் பற்றி மட்டும் பேசினால் பாதிப் பிரச்சினைதான் தீரும். தம்பதிகளைத் தரகர்களிடமும் கடனிடமும் தள்ளுவது எது என்பதையும் கேட்க வேண்டும். உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையை எதிர்கொள்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஏப்ரலில் அறிவித்தது. பணக்கார நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் இதில் பெரிய வேறுபாடில்லை. சிகிச்சை கிடைப்பதில்தான் வேறுபாடு. இவ்வளவு பரவலான ஒரு மருத்துவப் பிரச்சினையை நம் காப்பீட்டு முறை நோயாகவே எண்ணுவதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துத் தந்த பொதுவான விலக்குகளின் பட்டியலில் மலட்டுத்தன்மைச் சிகிச்சைக்கென்றே ஓர் இனம் உண்டு. பெரும்பாலான பாலிசிகள் அதைப் பயன்படுத்தி ஒதுங்கிக்கொள்கின்றன. ‘ஆயுஷ்மான் பாரத்’ திட்டமும் கருத்தரிப்புச் சிகிச்சையை விலக்கியே வைத்திருக்கிறது. கருவுற்ற பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி வழங்கும் தமிழ்நாடு, கருவுற முடியாத பெண்ணைத் தனியார் மருத்துவமனையின் வாசலில் விட்டுவிடுகிறது.

இந்தத் தொழில்நுட்பம் தனியாருக்கே உரியது என்று கருத வரலாற்று நியாயமும் கிடையாது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தது. அடுத்த மூன்று மாதங்களுக்குள், அதே ஆண்டு அக்டோபரில், கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயவின் முயற்சியில் இந்தியாவின் முதல் குழந்தை பிறந்தது. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவரது சாதனையை நம்ப மறுத்தது. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர், முறையான அறிவியல் ஆவணங்களோடு 1986 ஆகஸ்டில் மும்பையில் ஒரு குழந்தை பிறந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜா பணியாற்றிய அந்த கே.இ.எம். மருத்துவமனை, மாநகராட்சி நடத்தும் பொது மருத்துவமனை. பொதுப் பணத்தில் வேரூன்றிய ஒரு சிகிச்சை, நாற்பது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய முழுமையாகத் தனியார் வசம் போய்விட்டது.

மாற்றத்தின் அறிகுறிகள் சில உண்டு. கோவா அரசு தனது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2023 முதல் இலவச ஐ.வி.எஃப். சிகிச்சை வழங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு தறித் தொழிலாளித் தம்பதி, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கூலியை இழந்து சென்னை சென்று வர முடியாது. மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி, ராசிபுரம், பரமத்திவேலூர் மக்களுக்குச் சேலம் அரசு மருத்துவக் கல்லூரியும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும்தான் எட்டும் தொலைவு. அங்கே முழுமையான கருத்தரிப்புச் சிகிச்சை கிடைக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஐ.வி.எஃப். தேவைப்படாது என்பதும் முக்கியம். குழந்தையின்மைக்கான காரணங்களில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது. செலவு மிகக் குறைந்த முதல் பரிசோதனையும் ஆணுக்குரிய விந்தணுப் பரிசோதனைதான். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் மனைவி மட்டுமே மருந்து உண்ணும் வீடுகள் ஏராளம். நாமக்கல் லாரி ஓட்டுநர்களும், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு வடமாநிலங்களுக்குச் செல்பவர்களும் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பவர்கள். அவர்களுக்கு முதலில் தேவை ஆய்வகம் அன்று. அக்கறையோடு விசாரித்துச் சொல்லும் ஆலோசகர். பெண்களின் கருக்குழாய் அடைப்புக்கு இந்தியாவில் முக்கியக் காரணமான இனப்பெருக்க உறுப்புக் காசநோயை ஆரம்பத்திலேயே கண்டறிந்து குணப்படுத்தலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இருக்கும் ஏற்பாட்டின் ஒரு பகுதியைக் குழந்தையின்மைக்கு ஒதுக்கினாலே, பல குடும்பங்களின் நகை அடகுக்குப் போகாது.

என்ன செய்யலாம்?

கருமுட்டைக் கொடைக்கு ஈடு தருவது பற்றி நாம் வெளிப்படையாக விவாதிக்க வேண்டும். விலை கொடுத்தால் ஏழைப் பெண்களே விற்பார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் எதுவுமே தரக் கூடாது என்று சொல்லும் இன்றைய நிலையிலும் ஏழைப் பெண்களே விற்கிறார்கள். குறைந்த தொகைக்கு, பாதுகாப்பின்றி, தரகர் வழியாக விற்கிறார்கள். பிரிட்டனில் கருமுட்டைக்கு விலை பேசக் கூடாது. ஆனால் கொடையாளர் இழக்கும் நேரத்துக்கும் படும் சிரமத்துக்கும் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த ஈட்டுத்தொகை உண்டு. 750 பவுண்டாக இருந்த அது, 2024 அக்டோபரில் ஆயிரம் பவுண்டை நெருங்கும் அளவுக்கு உயர்த்தப்பட்டது. இங்கும் இழந்த கூலிக்கும் பயணத்துக்கும் ஓய்வுக்கும் அரசே தொகை நிர்ணயித்து, அதை அரசின் கணக்கிலிருந்து நேரடியாக அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். மருத்துவமனை அத்தொகையை அரசுக்குச் செலுத்தட்டும். தரகருக்கு அதில் வேலையில்லை. கடனில் தத்தளிக்கும் பெண்ணுக்கு அதுவும் ஒரு நெருக்குதலாக மாறலாம் என்பது உண்மைதான். எனவே, மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஒரு சமூகப் பணியாளர், குடும்பத்தினர் உடனில்லாமல், அவரிடம் தனியே பேசிய பிறகே சம்மதம் ஏற்கப்பட வேண்டும். கொடைக்குப் பின் ஓராண்டு வரையிலாவது உடல்நலக் கண்காணிப்பு கட்டாயமாக வேண்டும்.

தத்தெடுப்பு என்னும் வழியும் சுருங்கிக் கிடக்கிறது. 2024-25இல் நாடு முழுவதும் நிறைவேறிய தத்தெடுப்புகள் 4,515. குழந்தைக்காகப் பதிவுசெய்து காத்திருக்கும் பெற்றோர் முப்பதாயிரத்துக்கும் மேல். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும்போது, ராசிபுரத்துத் தரகரின் தொலைபேசி எண் குறுக்கு வழியாகிறது. 2025 ஜூலையில் செகந்திராபாத்தில் வெளியான மோசடியும் இதையே காட்டுகிறது. வாடகைத் தாய் மூலம் பிறந்த தங்கள் குழந்தை என்று நம்பி ஒரு தம்பதி 30 லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்தார்கள். மரபணுச் சோதனையில் அது அவர்களின் குழந்தை அன்று என்று தெரிந்தது. வேறு மாநிலத்தைச் சேர்ந்த ஏழைப் பெற்றோரிடமிருந்து 90,000 ரூபாய்க்கு அக்குழந்தை வாங்கப்பட்டதாகக் காவல் துறை தெரிவித்தது. இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் இந்தத் தொழிலின் லாபம்.

தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்குப்படி, 1.4. மக்களவைத் தொகுதி மறுவரையறை அச்சத்தில், புதுமணத் தம்பதிகள் தாமதமின்றிக் குழந்தை பெற வேண்டும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்துத் திருமண மேடையில் கேட்டுக்கொண்டார். குழந்தை வேண்டாம் என்போரை வேண்டச் செய்வது எந்த அரசாலும் எளிதில் முடியாது என்பதை ஜப்பான் முதல் தென்கொரியா வரை பார்க்கிறோம். குழந்தைக்காக நிலத்தை விற்றுக் காத்திருப்பவர்களுக்கு உதவுவது அரசால் நாளையே முடியும்.

இந்தியா மலிவாகச் சிகிச்சை அளிக்கும் நாடு என்ற பெயர் தொடரட்டும். அந்த மலிவு, மருத்துவரின் திறமையாலும் அரசின் முதலீட்டாலும் வந்தால் அது பெருமை. பள்ளிபாளையத்திலோ ஈரோட்டிலோ தவணை கட்ட முடியாத ஒரு பெண்ணின் உடலிலிருந்து வந்தால், செலவு குறையவில்லை. ரசீதில் எழுதப்படாமல் வேறொருவர் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவமனைக் கதவு திறக்கும் வரை அதை ஏற்றிக்கொண்டே இருப்போம்.